பெயரில்லாத ராஜாவும் அக்காவின் முழங்காலும்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடி பதினெட்டு. காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. ஆடிக் காற்று திண்டுக்கல் பேருந்து நிலையத்துத் தூசியையெல்லாம் வாரி என் முகத்தில் போட்டது. இடது கண்ணில் புரை எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைய வேலை முழுவதும் அந்தக் கண்ணை நம்பித்தான் இருந்தது. அதனால் கைக்குட்டையால் அதைப் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணால் ஆத்தூர் பேருந்தைத் தேடினேன்.

பையில் ஐந்து பொருள்கள் இருந்தன. லென்ஸ், உள்ளங்கை அளவுத் தராசு, மென்மையான தூரிகை, பழைய வேட்டியில் கிழித்த துணி, ஒரு பொட்டலம் விபூதி. சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தால் ஆறு.

எனக்கு எழுபத்திரண்டு வயது. கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பழங்காசு பார்க்கும் பழக்கம் பிடித்துக்கொண்டது. பார்ப்பது மட்டும்தான், வாங்குவதில்லை, விற்பதில்லை. ஆற்று மணலைச் சலிக்கிறவர்களுக்கு எப்போதாவது செப்புக்காசுகள் கிடைக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அவற்றில் சில ரோமாபுரிக் காசுகள். யாராவது தீப்பெட்டியில் போட்டு எடுத்து வருவார்கள். ஒரு பக்கம் தலை, சுற்றிலும் எழுத்து இருந்த இடம். எழுத்து இருக்காது, இருந்த இடம்தான் இருக்கும். விபூதியை ஒரு சிட்டிகை தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். அதைச் சாய்ந்த வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கு எழுத்து கிடைத்தால் ராஜா கிடைத்துவிடுவார். மூன்றுதான் கிடைத்தது என்றால் தாத்தாவா, பேரனா என்ற சந்தேகம் வரும். அந்த ஊரிலும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள்.

எழுத்தே இல்லையென்றால் தலையைப் பார்க்க வேண்டும். முத்துப் பட்டையா, இலை மாலையா, கதிர் கிரீடமா? பின்பக்கம் இரண்டு வீரர்கள் நின்றால் நடுவில் கொடிக்கம்பம் ஒன்றா, இரண்டா? இவ்வளவும் பார்த்து, கழுத்து வலி வந்து, இன்ன காலத்துக் காசு என்று சொன்னால், கொண்டுவந்தவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன வெலைக்குப் போகும் சார்?" இரண்டு டீ குடிக்கலாம் என்பேன். தீப்பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். அலுத்துப்போன வேலை. ஆனாலும் அடுத்த தீப்பெட்டி வந்தால் கை லென்ஸைத் தேடும்.

அன்று நான் பார்க்கப் போனது செம்பு இல்லை, தங்கம். அது என் அக்காவின் தாலிக் கயிற்றில் இருந்தது.

எங்கள் தாத்தா ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்த ஒற்றைக் காசு அது. மண்ணுக்கடியில் கிடைத்ததைச் சர்க்காரிடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர் சொல்லவில்லை. அம்மா கைக்கு வந்து, 1970இல் அக்காவின் கல்யாணத்தன்று அவள் தாலியோடு கோர்க்கப்பட்டது. காசில் முன்பே இரண்டு துளைகள் இருந்ததால் ஆசாரிக்கு வேலையே இல்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது. காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டபோது அது அக்கா கழுத்துக்குப் போய்விட்டிருந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவள் தம்பியின் ஆராய்ச்சிக்காகத் தாலியைக் கழற்றுவாளா?

ஆகவே நான் அந்தக் காசைப் படித்ததெல்லாம் சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்துதான். அக்கா குழம்பு ஊற்றக் குனிவாள். சேலைக்கு வெளியே காசு விழுந்து ஆடும், சுழன்று சுழன்று. இரண்டு மூன்று நொடிகள் கிடைக்கும். ஒரு பொங்கலுக்கு ஆங்கில எழுத்து என் ஒன்று. ஒரு தீபாவளிக்கு ஒரு வி. இன்னொரு தடவை ஐ போலவும் இருந்தது, கோடு போலவும் இருந்தது. இரண்டாவது சாதம் வேண்டாத நாளிலும் வாங்கிக்கொள்வேன். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, எப்போதோ ஒரு வருடம், அது அந்தோனைனஸ் பயஸ் என்ற ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் காசு என்று முடிவு கட்டினேன். பெயரில் என்னும் ஐயும் நிறைய, யுவை வி போலத்தான் வெட்டுவார்கள் என்பதால் வியும் நிறைய. மற்ற எழுத்துகள் அக்காவின் மஞ்சள் பட்டே தேய்ந்துவிட்டன என்பது என் கணக்கு.

முடிவு கட்டியதோடு நிற்கவில்லை. சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னேன். கல்யாண வீடுகளில் பெண்கள் அக்காவின் கழுத்தைப் பார்த்து, "ரோமாபுரி ராஜாவாம்ல" என்று பேசிக்கொள்ளும் அளவுக்குச் சொன்னேன்.

அதுதான் வினையாக வந்தது. அக்காவுக்கு எழுபத்தாறு வயது. வலது முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், எழுந்தால் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மாற்று மூட்டு வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் வரமாட்டேன் என்றாள். தனியார் ஆஸ்பத்திரிக்கு இரண்டு லட்சம் ஆகும். அவள் மகன், என் மருமகன், தேங்காய் வியாபாரத்தில் கை சுட்டுக்கொண்டு கிடக்கிறவன். கெட்டவன் இல்லை. தாய் வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பான்? கோயம்புத்தூரில் பழங்காசு வாங்குகிற ஒருவரைப் போனில் பிடித்துவிட்டான்.

"அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு மாமா. எந்த ராஜான்னு பேரு சொல்லணுமாம். பேரு இருந்தா ரெண்டு லட்சத்துக்கு மேலயும் போகுமாம். நீங்க பாத்து உறுதியாச் சொல்லுங்க, நான் அனுப்பிருறேன்."

அக்காவுக்குக் காசை விற்க மனமில்லை. மகனிடம் நேராக மறுக்கவும் முடியவில்லை. "தம்பி பாத்துச் சொல்லட்டும்" என்று என் தலையில் போட்டுவிட்டாள். ஆடி பதினெட்டுக்கு எப்படியும் தாலிக் கயிறு மாற்றுவாள். அப்போது காசைத் தனியே எடுத்துத் தருவதாக ஏற்பாடு.

ஆத்தூரில் நான் இறங்கியபோது எட்டேகால். வாசலில் மச்சான் நாற்காலியில் இருந்தார். அவருக்கு எண்பத்தொரு வயது, காது மந்தம், வாய் மட்டும் மந்தம் இல்லை.

"வாய்யா. இத்தன வருஷமா என் பொண்டாட்டி கழுத்தையே பாத்துக்கிட்டு இருந்த. இன்னைக்காச்சும் பாத்து முடி."

உள்ளே அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தரையில் உட்கார முடியாது என்பதால் கிழக்குப் பார்த்துக் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். புது மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டி முதலில் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் பழைய கயிற்றைக் கழற்றினாள். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது. பழைய கயிற்றிலிருந்து தாலியையும் குண்டுகளையும் உருவித் தட்டில் வைத்தாள். காசை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அணைக்குப் போயி பூப் போட்டுட்டு வர்ற வரைக்கும்தான். வந்ததும் கோத்துக்குவேன்."

"சரிக்கா."

"தொலைச்சுப்புடாத. சின்னப் புள்ளையில எல்லாத்தையும் தொலைப்ப."

தாலியைப் புதுக் கயிற்றில் கோர்த்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு மகனின் காரில் ஏறிப் போனாள். அவன் அவர்களை அணைக்கரையில் இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

முதலில் நிறுத்தேன். ஆறு புள்ளி மூன்று எட்டு கிராம். அந்தச் சக்கரவர்த்தியின் தங்கக்காசு ஏழுக்கு மேல் இருக்க வேண்டும். தேய்மானம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். கருவூலத்தில் நோட்டுக் கட்டில் ஒன்று குறைந்தால் மறுபடி எண்ணுவோமே தவிர, தேய்மானம் என்று சொல்லமாட்டோம்.

வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். மேகத்துக்கு நடுவே கொஞ்சம் வெயில் சாய்வாக விழுந்தது. விபூதியைத் தூவித் துடைத்தேன். தலை எழுந்து வந்தது. மூக்கு நுனி மழுங்கியிருந்தது. ஆனால் தலைமுடி வரிவரியாக, சீப்பு வாரிய மாதிரி கூர்மையாக இருந்தது. லென்ஸை இன்னும் நெருக்கிப் பிடித்தேன். ஒரு காசு தேய்ந்தால் மேடுதான் முதலில் தேயும். கன்னம், முடி, தோள். எழுத்து விளிம்பை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது, அது கடைசியில்தான் போகும். முடி இவ்வளவு நன்றாக நிற்கும்போது எழுத்து எப்படிப் போயிருக்கும்?

போயிருக்கவில்லை. சுற்றிலும் அத்தனையும் வெள்ளையாகத் தெரிந்தன. எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். நேர்க் குச்சி, சாய்ந்த குச்சி, இரண்டு குச்சி சேர்ந்தது, சின்ன வட்டம். ஓர் இடத்தில் மூன்று படி வைத்த ஏணி மாதிரி ஒன்று. நான் இலையில் உட்கார்ந்து பிடித்த என், வி, ஐ எல்லாம் இந்தக் குச்சிகள்தாம். வலமிருந்து படித்தேன், இடமிருந்து படித்தேன், தலைகீழாகப் படித்தேன். எங்கும் ஒரு சொல் இல்லை. பின்பக்கத்திலும் அதே குச்சிகள். நடுவில் நிற்கும் உருவம் கையில் வைத்திருந்தது தராசா, தென்னம்பாளையா என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட காசுகள் உண்டு என்று படித்திருக்கிறேன். ரோமாபுரித் தங்கம் கப்பலில் வந்த காலத்தில், இங்கே யாரோ ஒரு தட்டான் ஒரு காசைப் பார்த்து அதே மாதிரி அச்சு வெட்டியிருக்கிறான். முகம் பார்த்தான், முகம் வெட்டினான். எழுத்து அவனுக்குத் தெரியாது. சுற்றிலும் ஏதோ கோடு ஓடுகிறது என்று கண்டு, அவனும் கோடு ஓடவிட்டான். அதுவும் சந்தையில் கொடுத்து வாங்குவதற்காக வெட்டியது இல்லை. தலைக்கு மேலே இருந்த இரண்டு துளைகளை லென்ஸில் பார்த்தேன். எந்தக் குச்சியையும் துளை அறுக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் குச்சியே இல்லாமல் விட்டிருந்தான். துளை போடப்போகிறோம் என்று தெரிந்தே இடம் விட்டிருக்கிறான். பிறக்கும்போதே ஒரு பெண்ணின் கழுத்துக்கென்று பிறந்த காசு.

நான் லென்ஸை மூடிவிட்டேன். எத்தனை பொங்கல், எத்தனை தீபாவளி, எத்தனை வேண்டாத சோறு. மகிழ்ச்சியா, துக்கமா என்று யாராவது கேட்டிருந்தால், களைப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"என்ன மாமா, பேரு தெரிஞ்சிருச்சா?"

"பேரு இல்ல."

"தேஞ்சு போச்சா?"

"தேயலடா. எழுதவே இல்ல." என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, மெதுவாக, என் மனம் நோகக் கூடாது என்பதுபோலக் கேட்டான்:

"அப்ப கவரிங்கா மாமா?"

"கவரிங் எங்கருந்து வந்துச்சு? சுத்தத் தங்கம். ஆயிரத்தி எண்ணூறு வருஷத்துப் பழசு இருக்கும்."

"டூப்ளிகேட்டுங்கிறீங்க, தங்கம்ங்கிறீங்க, பழசுங்கிறீங்க."

"தங்கம் அசல். பழசும் அசல். ராஜாதான் டூப்ளிகேட்."

மச்சானுக்கு இது மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிட்டது. நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மருமகன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான். மறுமுனையில் இருந்தவர் மரியாதையான மனிதர்.

"ஏனுங்க, பேரில்லாத காசை யாருங்க வாங்குவா? எடைக்கு வேணும்னா எடுத்துக்கலாமுங்க. உருக்குற வெலைதானுங்க."

"எம்புட்டு வரும்ங்க?"

"அறுபதாயிரத்துக்குக் கிட்ட வருமுங்க."

இதையும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு என்று போன் வைத்ததும் மருமகனிடம் சொன்னேன். மறைக்கவில்லை. "எம்புட்டு நாளாகும் மாமா?" என்றான். நாள் கணக்கு எனக்குத் தெரியவில்லை. எங்கே கிடைத்தது, யார் எடுத்தது என்று காகிதம் கேட்பார்கள், தாத்தாவின் கிணற்றுக்குக் காகிதம் எங்கே போவது என்றேன். அவன் கையைப் பிசைந்தான். "அறுபதாயிரம்னா ஆபரேஷனுக்கு மூணுல ஒரு பங்காச்சும் ஆச்சு மாமா. மீதிய நான் எங்கயாச்சும் பொரட்டுறேன்." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு அக்கா வந்தாள். சேலைக் கரை நனைந்திருந்தது. அணையில் தண்ணீர் பாதிதான் கிடந்ததாம். இரண்டு பெண்கள் தோள் கொடுத்து அவளைப் படியேற்றினார்கள். மூன்று படிக்கு மூன்று முறை "முருகா" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டுவிட்டாள்.

"ராஜா இல்லையா?"

"இல்லக்கா. இங்கன உள்ள ஆளு யாரோ செஞ்சது. கழுத்துல போடுறதுக்குன்னே செஞ்சது."

"ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியேடா."

"ஆமா."

"உம்பேச்சக் கேட்டு நானும்ல கழுத்த நீட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு காலை நீட்ட முயன்று பல்லைக் கடித்தாள். "சரி, எடைக்கே குடுத்துரு" என்றாள் மகனிடம். "ராஜாவும் இல்லையாம். வச்சு என்ன செய்ய? முட்டிக்கு ஆகட்டும்."

அவன் காசுக்காகக் கையை நீட்டினான். காசு என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

"உருக்கக் கூடாது" என்றேன்.

"உனக்கென்ன? உன் முட்டியா வலிக்குது?" என்றாள் அக்கா.

"உருக்கிட்டா திரும்ப வராதுக்கா."

"நான் மட்டும் திரும்பவா வரப்போறேன்?"

ஒரு ராஜாவின் பெயர் கிடைத்திருந்தால் காசு எங்காவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாகப் போயிருக்கும். பெயர் இல்லை என்று சொன்னது நான்தான். அதனால் அது இப்போது உலைக்குப் போகப்போகிறது. பொய்யாக ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். அது எனக்கு வராது. முப்பத்தொரு வருடம் எண்ணியதை எண்ணியபடியே எழுதிப் பழகிவிட்டது.

"வங்கியில எம்பேர்ல போட்டு வச்ச பணம் இருக்கு" என்றேன். "அத எடுத்துத் தாரேன். ஆபரேஷன் நடக்கட்டும்."

மருமகன் வேண்டாம் மாமா என்றான், ஒரே ஒரு முறை. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்காகக் குடுக்குறியா, இதுக்காகக் குடுக்குறியா?"

"எதுக்கோ குடுக்குறேன். வாங்கிக்க."

"உன் வீட்டுக்காரி கேட்டா என்ன சொல்லுவன்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. வீடு திரும்பும் பேருந்தில்தான் யோசித்தேன். அந்தப் பணம் மாடி ஒழுகலை அடைப்பதற்கென்று இருந்தது. என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க இந்தக் காசெல்லாம் பாக்க ஆரம்பிச்சப்பவே நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மழைக்குப் படுக்கை அறையில் எத்தனை பாத்திரம் வைக்க வேண்டும் என்று அவள் அன்றே எண்ணத் தொடங்கிவிட்டாள். ஐந்து.

அக்கா அன்று காசைத் தன் கையாலேயே கோர்த்துக்கொண்டாள். விபூதியைத் துடைக்கக்கூட இல்லை. மஞ்சள் பட்டு அது தானே போய்விடும் என்றாள்.

மூன்றாவது வாரத்தில் திண்டுக்கல்லில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே கொண்டுபோகும் முன் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னபோது அக்கா அடம் பிடிக்கவில்லை. வெறும் மஞ்சள் கயிற்றைப் போட்டுக்கொண்டு, தாலியையும் காசையும் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். மச்சானிடம் கொடுக்கவில்லை, மகனிடமும் கொடுக்கவில்லை. மூன்றே கால் மணி நேரம் அது என் சட்டைப் பையில் இருந்தது. நல்ல வெளிச்சம், ஜன்னல் ஓரத்து இருக்கை, பையில் லென்ஸ். நான் முடிச்சை அவிழ்க்கவில்லை. மூடிய கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அக்கா நடக்கிறாள். முதலில் நான்கு கால் வைத்த பிடியோடு வீட்டுக்குள் நடந்தாள், பிறகு அது இல்லாமல் வாசல்வரை வந்தாள். தரையில் உட்கார முடியாது, இனி முடியவும் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் போனபோது எழுந்து வந்து எனக்குப் பரிமாறினாள். குனியவில்லை. மேஜையில் வைத்தே ஊற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டியது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. நடக்கிற பிடி ஆயிரத்து நானூற்று ஐம்பது. வீட்டுக்கு வந்து காலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு நாலாயிரம். தவணை முடியும் முன் பணத்தை எடுத்ததால் வட்டியில் போனது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அறுநூற்று நாற்பது. ஆக மொத்தம் எனக்கு ஆனது ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.